இதய பம்பும் 70 வளைவுகளும்

செயலிழந்த இதயத்துக்குத் துணையாகப் பொருத்தப்படும் பம்பின் வரலாற்றை நாம் பொறியாளர்களின் வரலாறாகவே சொல்லிவருகிறோம். அது பாதிக் கதைதான். ஆஸ்பத்திரியை விட்டு வீடு திரும்பிய நோயாளிக்கு அங்கே என்ன கிடைத்தது என்பது மறுபாதி. 1982-இல் அமெரிக்காவின் யூட்டாவில் ஜார்விக்-7 செயற்கை இதயம் பெற்ற பல் மருத்துவர் 112 நாட்கள் வாழ்ந்தார். பெரிய இயந்திரத்தோடு குழாயால் கட்டுண்ட அவருக்கு வீடு திரும்பும் கேள்வியே எழவில்லை. இடது கீழறைக்கு மட்டும் உதவும் பம்புகள் வந்த பிறகுதான் அந்தக் கேள்வி பரவலாக எழுந்தது. 2001-இல் வெளியான ரீமேட்ச் ஆய்வில், மாற்று இதயம் பெறத் தகுதியற்ற 129 பேர் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் பம்பு பெற்றவர்களில் 52 சதவீதம் பேரும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 25 சதவீதம் பேரும் பிழைத்திருந்தனர். ஈராண்டு முடிவில் அது 23, 8 சதவீதமாகக் குறைந்தது. பம்பு பெற்றும் இறந்தவர்களில் 41 சதவீதம் பேரைக் கொன்றது ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று. கருவிப் பழுதால் இறந்தவர்கள் 17 சதவீதமே.

அது பழைய கருவியின் கணக்கு என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு. காந்த விசையில் மிதந்து சுழலும் ஹார்ட்மேட் 3 பம்பினுள் ரத்தம் உறைவது மிக அரிது. ஐந்தாண்டு முடிவில் அதைப் பெற்றவர்களில் 58 சதவீதம் பேரும், முந்தைய ஹார்ட்மேட் 2 பெற்றவர்களில் 44 சதவீதம் பேரும் வாழ்ந்தனர். பக்கவாத அபாயம் கூடுதலாக இருந்த எச்வாட் என்ற இன்னொரு பம்பின் விற்பனை 2021-இல் நிறுத்தப்பட்டது. ஆக, கருவியின் தரம் உயிரைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் புதிய பம்புக்கும் மின்சாரம் தரும் ஒயர் வயிற்றுத் தோலைத் துளைத்தே வெளிவருகிறது. அந்தத் துளையை நாள்தோறும் சுத்தமாகப் பேண வேண்டும், பேட்டரி சார்ஜ் ஏற வேண்டும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் அளவை அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து சரிபார்க்க வேண்டும். நாடித்துடிப்பே தெரியாமல் போகலாம் என்பதால், வழக்கமான கருவியில் ரத்த அழுத்தம் பார்ப்பதும் கடினம்.

இவற்றைக் கொல்லிமலையில் வைத்துப் பார்ப்போம். 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த மலை இது. அதன்பின் இம்மலையோடு தனி மாவட்டமான நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல்தான் திறக்கப்பட்டது. அங்கே போகக் காரவள்ளி வழியாக இறங்குபவர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். இதய மாற்றுச் சிகிச்சையும் பம்பும் வழங்கும் பெரிய மையங்கள் உள்ள சென்னையோ 300 கிலோமீட்டருக்கும் அப்பால். ஹார்ட்மேட் 3 ஆய்வின் 58 சதவீதம் நெருங்கிய கண்காணிப்பில் இருந்தவர்களின் எண். பம்பை மட்டும் வாங்கிவந்தால் அந்த எண்ணும் கூடவே வந்துவிடாது.

சாமை, தினை விளைவிக்கும் மலைவாழ் மக்களுக்கு இத்தனை விலையுயர்ந்த பம்பைப் பற்றிப் பேசுவது வீண் என்பது இன்னொரு வாதம். விலையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் மூட்டுக்காய்ச்சலால் வால்வு கெட்டு உலோக வால்வு பொருத்திக்கொண்டவருக்கும் அதே வார்ஃபரின், அதே ரத்தப் பரிசோதனை வாழ்நாள் முழுதும் தேவை. தட்டில் கீரை கூடினாலும் குறைந்தாலும் மாத்திரையின் வேலை மாறுவதை எடுத்துச்சொல்ல அவருக்கும் ஒரு செவிலியர் வேண்டும். மலைமேல் உள்ள செம்மேட்டிலேயே இவை தவறாமல் கிடைத்தால் பயன் முதலில் இவர்களுக்கு. பம்பு மலிவாகும் நாளில் அதைத் தாங்கும் ஏற்பாடும் தயாராக இருக்கும். பொறியாளர்கள் தம் பங்கைப் பெருமளவு செய்துவிட்டார்கள். அடுத்த முன்னேற்றம் சுகாதாரத் துறையின் வரவுசெலவுக் கணக்கில் எழுதப்பட வேண்டியது.