யுங்கியர் ஆதல்: ஒரு சங்க வரலாறு

தொல்படிமம், கூட்டு நனவிலி, நிழல் முதலிய சொற்கள் தமிழ்த் திறனாய்வில் இடம்பெற்று நெடுங்காலம் ஆகிறது. புராணக் கதைகளையும் கவிதைப் படிமங்களையும் ஆராயப் புகுந்தோர் கார்ல் குஸ்தாவ் யுங்கின் நூல்களிலிருந்து இவற்றை எடுத்தாண்டனர். திறனாய்வாளர் ஒருவர் இச்சொற்களைக் கையாள எவரிடமும் இசைவு பெறவேண்டியதில்லை. ஆனால், மனம் நொந்து வந்து எதிரில் அமரும் ஒருவரின் கனவைக் கேட்டு, அதற்கெனக் கட்டணமும் பெறுவோர் தம்மை ‘யுங்கியப் பகுப்பாய்வாளர்’ என்று அழைத்துக்கொள்ள வேண்டுமாயின் அவர்களைச் சங்கம் ஒன்று ஏற்றிருக்கவேண்டும். அச்சங்கம் எவ்வாறு உருவாயிற்று, யாரை ஏற்றது, யாரை வாயிலில் நிறுத்தியது என்பது நூறாண்டைக் கடந்த வரலாறு. சங்கங்களை முழுதும் நம்பாத ஒருவரைச் சுற்றியே அது நிகழ்ந்தது.

யுங் சங்க வாழ்வை அறியாதவர் அல்லர். 1910-இல் நியூரம்பெர்க் நகரில் பன்னாட்டு உளப்பகுப்பாய்வுச் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் அவரே. அப்போது அவருக்கு வயது 34. வியன்னாவில் பிராய்டைச் சூழ்ந்திருந்த மூத்தோர் பலர் இத்தேர்வை விரும்பவில்லை. சூரிச் நகரத்தார் வலியுறுத்திய கருத்து ஒன்று அந்நாளில் புதுமையாக இருந்தது. பிறர் மனத்தைப் பகுத்தாயப் புகுவோர் முதலில் தம் மனத்தைத் தக்கார் ஒருவரிடம் பகுப்பாய்வுக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பதே அது. 1912-இல் மருத்துவர்களுக்கென எழுதிய கட்டுரையில் பிராய்டு இதனைச் சூரிச்சாரின் நற்பணிகளுள் ஒன்றாக எண்ணிப் பாராட்டினார். அடுத்த ஆண்டிலேயே இருவருக்கும் இடையே உறவு முறிந்தது. 1914 ஏப்ரலில் யுங் தலைமைப் பதவியைத் துறந்தார். ஜூலையில் சூரிச் சங்கம் 15க்கு 1 என்ற வாக்கில் பன்னாட்டுச் சங்கத்தை விட்டு வெளியேறியது. பிற்காலத்தில் பிராய்டியரும் யுங்கியரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நிலை வந்தபோதும் அந்த ஒரு விதியை இரு சாராரும் கைவிடவில்லை.

1916-இல் சூரிச்சில் உளவியல் கழகம் தோன்றியது. அதற்குப் பொருளுதவி செய்தவர் அமெரிக்க எண்ணெய்ப் பெருவணிகர் ராக்கஃபெல்லரின் மகள் ஈடித். யுங்கின் துணைவியார் எம்மா முதல் தலைவர் ஆனார். இதைத் தொழிற்சங்கம் என்று கூற இயலாது. பகுப்பாய்வு செய்வோரும் அதற்கு வந்தோரும் அங்கே ஒரே கூடத்தில் அமர்ந்து உரை கேட்டனர், உணவு உண்டனர், பூசலும் இட்டனர். தனியறையில் தன்னைத் தேடும் மனிதர் கூட்டத்தின் நடுவில் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதை அறியும் சோதனைக்களமாகவும் கழகம் கருதப்பட்டது. சோதனை எளிதாக அமையவில்லை. 1922 நவம்பரில் யுங், எம்மா, யுங்கின் நெருங்கிய துணையாளரான டோனி வுல்ஃப் ஆகிய மூவருமே கழகத்தை விட்டு விலகினர், 1924-இல் திரும்பினர். தம்மைச் சுற்றி எழுந்த வட்டத்திலிருந்தே ஒருவர் வெளிநடப்புச் செய்த இச்செய்தியை இலக்கிய வட்டங்களில் பழகியோர் வியப்பின்றி வாசிப்பர்.

அக்காலத்தில் பகுப்பாய்வாளர் ஆவதற்குத் தேர்வு இல்லை, பாடத்திட்டமும் இல்லை. விரும்புவோர் சூரிச்சுக்குச் செல்வர். யுங்கிடம் சில காலமும் டோனி வுல்ஃப் போன்றோரிடம் சில காலமும் பகுப்பாய்வுக்கு அமர்வர். கழகத்துக் கருத்தரங்குகளில் கலந்துகொள்வர். இவர் என்னிடம் பயின்றார், தகுதியுடையவர் என்று ஒருநாள் யுங் ஒரு கடிதம் எழுதித் தருவார். அக்கடிதமே பட்டம். ஊர் திரும்பி, இலண்டனிலோ நியூயார்க்கிலோ பலகை மாட்டலாம். குருகுல முறையை அறிந்த நமக்கு இது புதிதன்று. அதன் செம்மையும் குறையும் ஒன்றிலேயே அடங்கின: எல்லாம் ஒரு மனிதரின் கணிப்பு. டோனி வுல்ஃபிடம் பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் இல்லை. அவரிடம் அது கேட்கப்படவும் இல்லை. அமெரிக்க இளைஞர் ஜோசப் ஹெண்டர்சன் இலண்டன் சென்று மருத்துவம் பயின்ற பின்னரே தம் தொழிலைத் தொடங்கினார். யாரிடம் எதைக் கேட்பது என்பதற்கு எழுதிய வரையறை கிடையாது.

வரையறையின்மை சிலருக்குச் சலுகையாகவும் சிலருக்குச் சோதனையாகவும் அமைந்தது. யோலாண்டே யாகோபியின் கதை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 1890-இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பின்னர்க் கிறித்தவம் தழுவியவர். வியன்னாவின் பண்பாட்டு அமைப்பொன்றில் முன்னின்று பணியாற்றியபோது அங்கு உரையாற்ற வந்த யுங்கைச் சந்தித்தார். தாமும் சூரிச்சில் பயிலவேண்டும் என்று அவர் கேட்டதற்கு, முதலில் முனைவர் பட்டம் பெற்று வருமாறு யுங் கூறினார். நாற்பதைக் கடந்த அப்பெண்மணி வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மாணவியாக அமர்ந்தார். படிப்பு முடிவதற்குள் 1938 மார்ச்சில் இட்லரின் படை ஆஸ்திரியாவினுள் புகுந்தது. யாகோபி புடாபெஸ்டுக்குத் தப்பினார். பட்டம் இன்றி ஏற்க இயலாது என்ற நிலையில் யுங் உறுதியாக நின்றார். யாகோபி நாஜியர் ஆண்ட வியன்னாவுக்குத் திரும்பிச் சென்று எஞ்சிய தேர்வுகளை எழுதி முடித்து, அவ்வாண்டிலேயே சூரிச் வந்து சேர்ந்தார்.

இந்நிகழ்ச்சியைச் சிலர் ஆசிரியரின் கண்டிப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். முனைவர் பட்டம் பின்னாளில் அவருக்குப் பிழைப்பும் மதிப்பும் தந்தது உண்மையே. ஆயினும், பட்டமில்லாத பலரைத் தம் அருகில் வைத்திருந்த ஒருவர், உயிருக்கு அஞ்சி ஓடியவரிடம் அதைக் கேட்டதைக் கண்டிப்பு என்ற ஒரு சொல்லால் கடந்துவிட முடியாது.

அந்த ஆண்டுகளின் இருள் இத்துடன் முடியவில்லை. 1933-இல் ஜெர்மனியை மையமாகக் கொண்ட உளமருத்துவச் சங்கத்தின் தலைவர் கிரெட்ஷ்மர் பதவி விலக, அவ்விடத்தை யுங் ஏற்றார். 1934-இல் அச்சங்கம் பன்னாட்டு அமைப்பாக மாறியபோது, எந்த நாட்டுக் கிளையையும் சாராமல் தனியாள் நேரே உறுப்பினராகலாம் என்ற விதி சேர்க்கப்பட்டது. ஜெர்மானியக் கிளையிலிருந்து துரத்தப்பட்ட யூத மருத்துவர்களுக்கு அது ஒரு பக்கவாயிலைத் திறந்து வைத்தது. அதே ஆண்டில், அச்சங்கத்தின் இதழில், யூத மனத்துக்கும் ஆரிய மனத்துக்கும் வேறுபாடு காட்டி யுங் எழுதினார். இனவெறி அரசு கோலோச்சிய நாட்டில் அவ்வாறு எழுதுவதன் விளைவை அவர் அறிந்திருக்கவில்லை என்று நம்புவது கடினம். அவரை ஆதரிப்போர் பக்கவாயிலையும் எதிர்ப்போர் கட்டுரையையும் இன்றளவும் சுட்டிக்காட்டி வருகின்றனர். இரண்டும் ஒருவர் செய்தவையே.

சூரிச் கழகத்தில் நிகழ்ந்ததற்கோ இத்தகைய இரட்டை முகமும் இல்லை. 1944 டிசம்பரில் கழகத்தின் ஆட்சிக் குழு ஒரு விதியை இயற்றியது. யூத உறுப்பினர் நூற்றுக்கு 10 பேருக்கு மேற்படலாகாது. விருந்தினராக வருவோருள் யூதர் நூற்றுக்கு 25 பேருக்கு மிகலாகாது. உறுப்பினர் கைக்குக் கிடைக்கும் சட்டத்தாளில் இது அச்சிடப்படவில்லை. ஆட்சிக் குழுவினரிடையே மறைவாக இருந்தது. ஆகவே, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த ஒருவர் தம் மனமுதிர்ச்சியில் குறை கண்டனரோ, தம் கனவுகளில் குறை கண்டனரோ என்று ஐயுற நேர்ந்திருக்கும். தம் பிறப்பே எண்ணப்பட்டது என்று அறிய வழியில்லை. பகுப்பாய்வின் பெயரால் கூடியவர்கள் அங்கே இருந்தோர். தாம் காண மறுக்கும் தம் முகத்தை நிழல் என்று பெயரிட்டுப் பேசியவர்கள்.

போர்க்கால அச்சமே காரணம் என்று சமாதானம் கூறுவதுண்டு. 1944 டிசம்பரில் ஜெர்மனி தோல்வியின் விளிம்பில் இருந்தது. போர் முடிந்து, வதைமுகாம்களின் செய்தி உலகுக்கு எட்டிய பின்னரும் அவ்விதி நீடித்து 1950-இல்தான் நீக்கப்பட்டது. அச்சம் என்ற காரணம் இந்த ஆண்டுக்கணக்கின்முன் நிற்கவில்லை. நீக்கப்பட்ட பின்னும் அது பற்றிய பேச்சு நெடுநாள் எழவில்லை. 1989-இல் நியூயார்க்கில் கூடிய கருத்தரங்கும், அதன் பயனாக யுங்கியரே முன்னின்று தொகுத்து 1991-இல் வெளியிட்ட நூலும் இச்செய்தியைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தன. பல்லாண்டுகளுக்குமுன் தம் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் ஒப்பமிட்ட தாளை அடுத்தடுத்த தலைமுறையினர் படிக்க நேர்ந்தது.

இதற்கிடையே கடிதமுறை முடிவுக்கு வந்தது. யுங் முதுமையடைந்தார், 1944-இல் மாரடைப்பால் மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். பயிற்சிக்கு நிலையான அமைப்பு வேண்டும் என்று இடைவிடாமல் வற்புறுத்தியோருள் முதன்மையானவர் யாகோபி. விதியின் கடுமையைத் தம் உடலால் உணர்ந்தவரே விதிகள் எழுதப்படவேண்டும் என்று நின்றது பொருளுடையது. எழுதிய விதி ஆளுக்கு ஆள் மாறாது. யுங் தயங்கி இசைந்தார். தாம் யுங்காக இருப்பதற்கும் யுங்கியராக இல்லாததற்கும் இறைவனுக்கு நன்றி கூறியதாக அவர்தம் மாணவி பார்பரா ஹன்னா பதிவு செய்துள்ளார். 1948 ஏப்ரல் 24 அன்று சூரிச்சில், கழகம் இருந்த அதே கெமைண்டே வீதி இல்லத்தில் யுங் நிறுவனம் திறக்கப்பட்டது.

அங்குப் பயின்றோர் கடக்கவேண்டிய வழி நெடியது. பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று நுழைவுக்கு வேண்டும். அது எத்துறையினதாயினும் ஏற்கப்பட்டது. இறையியல் கற்றோரும் இலக்கியம் கற்றோரும் மருத்துவருக்கு அருகில் அமர்ந்தது இதனால்தான். தம் மனத்தையே பகுப்பாய்வுக்கு உட்படுத்தும் அமர்வுகள் ஏறத்தாழ 300 மணி நேரம். இடைநிலைத் தேர்வில் கனவியல், சொற்றொடர்புச் சோதனை, மனநோயியல் இவற்றோடு சமய ஒப்பியலும் புராணமும் தேவதைக் கதையும் பாடங்களாக இருந்தன. பின்னர் மூத்தோர் மேற்பார்வையில் நோயுற்றோரைக் காணுதல், ஆய்வேடு, இறுதித் தேர்வு. இத்தனைக்கும் நடுவில் மாணவரைத் தனியே அழைத்துப் பேசிக் கணிக்கும் குழு ஒன்றும் உண்டு. மணி நேரத்தை எண்ணலாம். ஒருவர் பிறர் துயரின் அருகில் இருக்கத் தகுந்தவரா என்பதை எண்ணிக் காண முடியாது. பழைய கடிதத்தின் வேலையை அக்குழு ஏற்றுக்கொண்டது என்றே கொள்ளவேண்டும்.

இலண்டனில் பாதை வேறாக இருந்தது. அங்கு 1922 முதலே கழகம் இருந்தது. மைக்கேல் ஃபோர்டாமும் நண்பர்களும் 1946-இல் பகுமுறை உளவியல் சங்கத்தை நிறுவியபோது, தொழில் செய்வோர் சங்கம் வேறு, ஆர்வலர் கழகம் வேறு என்று பிரித்தனர். குழந்தைப் பருவத்து அனுபவங்களுக்கு இச்சங்கத்தார் தந்த முதன்மையைச் சூரிச் வழியில் வந்தோர் விரும்பவில்லை. 1970களின் பிற்பகுதியில் கெர்ஹார்ட் ஆட்லரும் அவருடைய அணியினரும் பிரிந்து தனிச் சங்கம் கண்டனர். இந்நாட்டுச் சங்கங்களையெல்லாம் இணைக்கும் பன்னாட்டுப் பகுமுறை உளவியல் சங்கம் 1955-இல் தோன்றி, 1958-இல் சூரிச்சில் தன் முதல் மாநாட்டை நடத்தியது.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தோருள் சப்பானியரான ஹயாவோ கவாய் குறிக்கத்தக்கவர். அமெரிக்கா சென்று, பின் சூரிச் சேர்ந்து, 1965-இல் தகுதிபெற்ற முதல் சப்பானியர். சூரிய தேவதையான அமதெரசுவைப் பற்றிய ஆய்வேட்டை அளித்தார். ஊர் திரும்பியபின், சுவிட்சர்லாந்தில் டோரா கால்ஃப் உருவாக்கிய மணற்பெட்டிச் சிகிச்சையைத் தம் நாட்டில் பரப்பினார். மணலில் சிறு உருவங்களை அடுக்கி மனத்தைக் காட்டும் அம்முறை சப்பானியரிடம் எளிதில் வேரூன்றியது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை தொடர்பு மெல்லியது. 1937 இறுதியில் இந்தியா வந்த யுங் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் சென்றார்; திருவண்ணாமலைக்குச் செல்லவில்லை. நண்பர் சிம்மரின் இரமணர் பற்றிய நூலுக்கு எழுதிய முன்னுரையில் அதற்குக் காரணம் கூற முயன்றிருக்கிறார். குருவைத் தேடிச் செல்லாத ஒருவர், தம்மைத் தேடி வந்தோர் சீடராவதையும் ஐயத்துடனேயே நோக்கினார் என்று இதனைப் பொருள்கொள்ள இடமுண்டு. சங்கமும் பயிற்சி நிறுவனமும் இல்லாத நாடுகளில் உள்ளோர்க்கெனப் பன்னாட்டுச் சங்கம் பின்னாளில் வேறொரு வழி வகுத்தது. வளர்நிலைக் குழுக்களாகக் கூடிப் பயின்று, வெளிநாட்டுப் பகுப்பாய்வாளரிடம் அமர்ந்து, தனியாள் உறுப்பினராகத் தேறலாம். சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் உருசியாவில் இவ்வழியே பலர் வந்தனர். இந்தியாவிலும் அத்தகைய குழு அமைந்தது. அமர்வுக்காக வானூர்தியில் வந்து போகும் ஆசிரியரிடம், தாய்மொழியல்லாத மொழியில், மொழிபெயர்ப்பாளர் துணையுடன்கூடத் தம் கனவைச் சொல்ல நேர்ந்தோர் உண்டு. சொற்களால் வாழும் கவிஞர்களுக்கு இதன் இடர் விளங்கும்.

சூரிச்சிலேயே வீடு பலவாயிற்று. நிறுவனம் 1979-இல் குஸ்நாக்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. மரி-லூயி ஃபான் ஃபிரான்ஸின் வழிநின்றோர் 1994-இல் தனிப் பயிற்சி மையம் தொடங்கினர். 2004-இல் ஆட்சிமுறை பற்றிய பிணக்கால் ஆசிரியர் பலர் நிறுவனத்தை விட்டு நீங்கி மற்றொரு பயிற்சிப் பள்ளியை நிறுவினர்.

2018-இல் பிரித்தானிய உளசிகிச்சை இதழில் ஒரு திறந்த மடல் வெளிவந்தது. ஆப்பிரிக்கர் பற்றி யுங் எழுதியவற்றால் விளைந்த தீங்கை ஒப்புக்கொண்டு, அதற்காக வருந்தி, தத்தம் சங்கங்களில் மாற்றம் வேண்டும் என்று கோரிப் பல நாட்டுப் பகுப்பாய்வாளர் அதில் ஒப்பமிட்டிருந்தனர். 1944-இன் தாளைப் போல் அது மறைத்து வைக்கப்படவில்லை, பெயர்களுடன் அச்சேறியது.