அச்சேறிய சுரமும் அதன் குறைபாடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம்புள்ளை, நாலந்தை வழியே நடந்து மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை அடைந்தோர் காமன் கூத்துப் பாடல்களைச் செவிவழியாகவே கொண்டுவந்தனர். அவற்றுக்கு ஏடு வேண்டியதில்லை, ஆடுகளமே பள்ளி. இம்மாவட்டத்தில் கர்நாடக இசை பயில்வோர் நிலை வேறு. யாழ்ப்பாணத்து வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தோன்றியபின், பரீட்சைக்கெனப் பயிலும் வழக்கமும் வேரூன்றியது. ஆசிரியர் அருகில் இல்லாதபோது அச்சிட்ட சுரதாளக் குறிப்பே துணை. எந்நூலைத் தெரிவது?

இவ்வினா தமிழகத்திலேயே எழுந்தது. சென்னையில் 1893இல் சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோட்டுச் சுரமுறையில் வெளியிட்டார். நோக்கம் பெரிதே, ஆயின் அக்கோடுகளைப் படிக்கவல்ல பாடகர் எத்துணைப் பேர்? அவருடைய தூண்டுதலும் சேரவே, எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் கமகக் குறிகளுடன் அதில் உள. எனினும் அது தெலுங்கு எழுத்தில் அச்சேறியது. சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் தமிழிற் பதிப்பிக்கும்வரை, தமிழெழுத்து மட்டும் அறிந்தோர்க்கு அது பூட்டிய பெட்டகமே.

இதனிடையே கமகக் குறி நீங்கிய எளிய நூல்களே வகுப்புகளிற் பரவின. தோடியின் காந்தாரம் அசையும் விதத்தை ‘க’ என்னும் ஓரெழுத்து எங்ஙனம் உணர்த்தும்? குருவின் குரலைக் கேட்டவர்க்கு அவ்வெழுத்து நினைவூட்டும் குறி. கேளாதவர்க்கு வெறும் எழுத்தே. எனவே எளிய நூல் குருவின் அருகிலிருப்போர்க்கே பொருந்தும். தொலைவில், மலைத்தோட்டத்தில் இருந்து பயில்வோர்க்குக் கடினமெனத் தோன்றும் அக்கமகக் குறி நூலே வேண்டற்பாலது.