ஆங்கில வணிகமொழி வந்த வரலாறு

ஒரு மொழியைப் பயில்வார் இருதிறத்தினர். அம்மொழியிலுள்ள காவியங்களைக் கற்று இன்புற விழைவார் ஒரு சாரார்; அம்மொழியால் தம் தொழிலை நடத்திக்கொள்ள விழைவார் மற்றொரு சாரார். நம் மரபினருள் ஆங்கிலம் பயிலும் இளைஞரிற் பெரும்பாலார் இரண்டாம் சாரைச் சேர்ந்தவர்களே. ஆயினும், பட்டம் பெற்று வெளிவந்த பின்னரும், ஓர் ஆலைக்குச் சரக்கு வேண்டி நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதுக என்றால், நம் இளைஞர் பலர் பேனாவை எடுக்கவே அஞ்சுகின்றனர். ஆங்கிலம் வெள்ளையர்க்குத் தாய்ப்பாலொடு ஊறிய மொழியென்றும், அதனைக் குற்றமற எழுதுதல் நமக்குக் கைகூடாதென்றும் அவர்கள் எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் வரலாற்றுக்கு முற்றும் மாறானது. வீட்டிற் பேசும் ஆங்கிலம் ஆங்கிலேயர்க்குத் தாய்மொழியே. ஆனால் அலுவலகத்திலும் வாணிகத்திலும் வழங்கும் ஆங்கிலம் அவர்களுக்கும் பிறப்பொடு வந்ததன்று. பிறர் மொழியைக் கற்றும், பிறர் சொல்லைக் கடன்கொண்டும், தட்டித் தடுமாறியுமே அவர்கள் அதனை ஆக்கிக்கொண்டனர். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அந்நாட்டில் ஆங்கிலத்தின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. பிரபுக்களும் நீதிமன்றத்தாரும் பிரெஞ்சு பேசினர். மதகுருமார் இலத்தீன் எழுதினர். அரசிறைக் கணக்கும் இலத்தீனிலேயே இருந்தது. ஆங்கிலம் உழவன் வயலிலும் சந்தையிலும் அடுக்களையிலும் வாழ்ந்தது. நாம் குமாஸ்தாவைக் குறிக்க வழங்கும் 'கிளார்க்' என்னுஞ் சொல்லே இதற்குச் சான்றாகும். அது மதகுருவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் திரிபு. எழுதத் தெரிந்தவன் குருவே என்றிருந்த காலத்தில், எழுதுவோன் எவனாயினும் அவனுக்கு அப்பெயர் ஆயிற்று.

நீதிமன்றங்களில் வழக்கை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கலாம் என்னுஞ் சட்டம் 1362-ஆம் ஆண்டில் வந்தது. வழக்கு என்ன, தீர்ப்பு என்ன என்று அறியாமலே குடிகள் நின்றமையே அதற்குக் காரணம். அப்பொழுதும் பதிவேடுகள் இலத்தீனிலேயே எழுதப்பட்டன. அவ்வேடுகளும் ஆங்கிலமாயினது 1733-ஆம் ஆண்டில். தம் நாட்டு நீதிமன்றத்தில் தம் மொழி முழுவுரிமை பெற ஆங்கிலேயர் முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர் என்பதை நம்மவர் சிந்திப்பாராக.

இவ்வரலாற்றில் சாதிச் சங்கம், தொழிற் சங்கம் வைத்து நடத்தும் நம்போன்றார் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அஃதாவது, இலண்டன் மாநகரில் மதுவடிப்போர் சங்கம் 1422-ஆம் ஆண்டளவில் செய்த தீர்மானம். அதற்கு ஐந்தாண்டு முன், 1417 முதல், ஐந்தாம் ஹென்றி மன்னன் தன் திருமுகங்களை ஆங்கிலத்திற் போக்கத் தொடங்கியிருந்தான். அம்மன்னன் செயலை முன்மாதிரியாக எடுத்துக்காட்டி, இனித் தம் சங்கத்தின் குறிப்புக்களை ஆங்கிலத்தில் எழுதிவைப்பதென அச்சங்கத்தார் முடிவு செய்தனர். தம் உறுப்பினருட் பலர் ஆங்கிலம் எழுதவும் படிக்கவும் வல்லர், இலத்தீனும் பிரெஞ்சும் அறியார் என்பதே அவர் கூறிய காரணம். இதில் நகைப்பிற்கிடமானது யாதெனின், அத்தீர்மானத்தையே அவர்கள் இலத்தீனில்தான் எழுதிவைத்தனர்! பழக்கத்தின் வலிமை அத்தகையது. ஆயினும், உறுப்பினர் பணத்தால் நடக்குஞ் சங்கத்தின் ஏடு உறுப்பினர்க்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும் என்னும் நேர்மையை அவர்கள் கண்டுகொண்டனர்.

உள்நாட்டில் இவ்வாறாக, கடல்கடந்து வாணிகஞ் செய்த ஆங்கிலேயர் நிலை யாது? அவர்கள் நம்மைப் போலவே பிறமொழியைச் 'சொற்றொடர்ப் புத்தகம்' கொண்டு கற்றனர். இங்கிலாந்தில் முதன்முதல் அச்சுக்கூடம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன் ஒரு வணிகர். பெல்ஜிய நாட்டுப் புரூஜ் நகரில் நெடுங்காலம் தங்கியவர். அவர் 1480-ஆம் ஆண்டையொட்டிப் பிரெஞ்சும் ஆங்கிலமும் அடுத்தடுத்து அமைந்த ஒரு சிறு நூலை அச்சிட்டார். வணக்கங் கூறுவது எப்படி, வீட்டுப் பொருள்களின் பெயர் யாவை, துணிக்கு விலை பேசுவது எப்படி, தொழிலாளரின் பெயர்கள் எவை என்பனவெல்லாம் அதில் உள்ளன. இன்று நம் கடைத்தெருவில் விற்கும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' போன்ற நூல்களுக்கு அதனை மூதாதை எனலாம். அக்காலத்தில் மாணாக்கன் ஆங்கிலேயன், ஆசான் பிரெஞ்சுமொழி. அவ்வளவே வேறுபாடு.

இங்ஙனம் பிறரிடங் கற்றதனால் ஆங்கில வணிகச் சொற்களிற் பல பிறநாட்டுச் சரக்குகளாகவே இருக்கின்றன. இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை முதலில் அச்சிட்டு விளக்கியவர் இத்தாலிய அறிஞர் லூக்கா பாச்சியோலி. அந்நூல் வெனிஸ் நகரில் 1494-ல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் அம்முறையைக் கூறும் நூல் 1543-ல்தான் தோன்றிற்று. ஆகவே கணக்கோடு சொல்லும் இத்தாலியிலிருந்தே வந்தது. 'பாங்கு' என்பது பணமாற்றுவோன் அமர்ந்த பலகை. 'பாங்க்ரப்ட்' என்பது அப்பலகை முறிந்தது. 'டிட்டோ' என்பது 'முற்கூறியது'. 'டாரிப்' என்னுஞ் சொல் அரபியிலிருந்து இத்தாலி வழியாக வந்தது. 'இன்வாய்ஸ்' பிரெஞ்சு, 'அஜெண்டா', 'பெர்சென்ட்' என்பன இலத்தீன். 'செக்' என்பதன் வேரைத் தேடிச் சென்றால், சதுரங்க ஆட்டத்தில் அரசனைக் குறிக்கும் பாரசீக 'ஷா' என்னுஞ் சொல்லில் போய் முடிகிறது. நூறு கடன் வாங்கிச் செழித்த மொழியைக் கண்டு, கடன் வாங்காதாரே உயர்ந்தார் என எண்ணுதல் பேதைமை.

தமிழினின்றும் சில சொற்கள் அம்மொழி புக்கன. நம் சுருட்டு 'செரூட்' ஆயிற்று. கட்டுமரம் 'காட்டமரான்' ஆயிற்று. ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ரொக்கத்தைக் குறிக்கும் 'காஷ்' என்பது நம் 'காசு' என்பதிலிருந்து வந்ததென மேடைதோறும் கூறுவாருளர். ரொக்கத்தைக் குறிக்கும் அச்சொல் பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. கீழ்நாடுகளில் வழங்கிய சிறு நாணயத்துக்கு ஆங்கிலேயர் இட்ட 'காஷ்' என்னும் பெயரே, போர்த்துகீசியர் வாயிலாக நம் காசினின்று பிறந்தது. ஓசை ஒன்றாயினும் குலம் இரண்டு. உள்ள பெருமையே நமக்குப் போதும். இல்லாததைச் சேர்த்தால் உள்ளதும் ஐயத்துக்கிடமாகும்.

சொல் சேர்ந்தபின் கடிதமுறை வேண்டுமன்றோ? ஆங்கிலத்தில் கடிதம் எழுதக் கற்பிக்கும் நூலை 1568-ல் வில்லியம் புல்வுட் என்பார் வெளியிட்டார். 1589-ல் பிரிஸ்டல் நகரத்து வணிகர் ஜான் பிரௌன், ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் முதன்முறை அனுப்பப்படும் வணிகப் பிள்ளைகளுக்கும் ஏவலாளர்க்குமென ஒரு கையேடு செய்தார். சென்று சேர்ந்ததும் முதலாளிக்கு எழுதவேண்டிய கடிதம், சரக்கு விவரம் எழுதும் முறை, உண்டியல் எழுதும் முறை என மாதிரிகள் பல அதனுட் காணப்படும். அது பன்முறை மீண்டும் அச்சேறியது. தாய்மொழியில் எழுதுவதற்கே ஆங்கிலச் சிறுவனுக்கு மாதிரிக் கடிதம் வேண்டியிருந்தது! நம் சிறுவன் மாதிரி நூலைப் பார்த்தெழுதுவதில் என்ன இழுக்கு?

1726-ஆம் ஆண்டினதாகிய ஒரு நூலில் டானியல் டீபோ, வணிகன் எழுத வேண்டிய நடையைப் பற்றித் தனியே ஓர் அதிகாரம் எழுதினார். நாட்டுப்புறத்து இளங்கடைக்காரன் ஒருவன், விதியும் தன் நட்சத்திரமுங் கூடித் தன்னை வாணிகத்தில் தள்ளினவென்று தொடங்கி, இலண்டன் மொத்த வியாபாரிக்கு எழுதிய ஆடம்பரக் கடிதத்தை அவர் எடுத்துக்காட்டி எள்ளி நகையாடுகிறார். சரக்கு வேண்டுவோன் எச்சரக்கு, எவ்வளவு, எப்பொழுது, பணம் எப்படி என்பனவற்றைத் தெளிவாகக் கூறினாற் போதும் என்பதே அவர் கருத்து. இருநூறாண்டு கடந்தும் இதனினும் சிறந்த அறிவுரை பிறந்திலது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1639-ல் சென்னையில் இடம்பெற்ற ஆங்கிலக் கம்பெனியார்க்குத் தமிழுந் தெரியாது, நம்மவர்க்கு ஆங்கிலமுந் தெரியாது. கடற்கரை வாணிகத்தில் அன்று பொதுமொழியாயிருந்தது ஒருவகைப் போர்த்துகீசியமே. இரு தரத்தார்க்கும் இடையே நின்றவன் துபாஷி. இருமொழியாளன் என்பது அச்சொல்லின் பொருள். நெய்வோன் ஒருபுறம், கொள்வோன் மறுபுறம். இருவர் பேச்சும் துபாஷியின் நாவில் இருந்தன. அந்நாவினால் பெருஞ்செல்வம் ஈட்டினோர் பலர். மொழியறியாதவன் தன் சரக்கின் விலையைப் பிறன் வாயாற் கேட்டறிய வேண்டிய நிலை அது. புதுவையில் டூப்ளே துரையின் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கம் பிள்ளை, பிரெஞ்சுக்காரரோடு நாள்தோறும் பழகியும், 1736 முதல் தம் நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதிவைத்தார். அயல்மொழியால் தொழில் நடத்தினார்; தம் நினைவைத் தம் மொழியில் வைத்தார். இதுவே நமக்கு நன்னெறி.

1812-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை நிறுவிக் கம்பெனியார் தம் இளம் உத்தியோகஸ்தர்க்குத் தமிழும் தெலுங்கும் கற்பித்தனர். ஆனால் 1835-ல் ஆங்கிலக் கல்வியே அரசின் கொள்கையாயிற்று. 1844-ல் ஹார்டிஞ்சு பிரபு, அரசாங்க வேலைக்கு ஆங்கிலம் பயின்றார்க்கு முதன்மை தருவதெனத் தீர்மானித்தார். கற்க வேண்டிய சுமை அன்று முதல் நம் தோளுக்கு மாறிற்று.

அக்காலத்து அலுவலக ஆங்கிலம் நம்மிடம் அப்படியே உறைந்துவிட்டது. 'தங்கள் மிகக் கீழ்ப்படிந்த ஊழியன்' என முடிப்பதும், 'தெரிவித்துக்கொள்ளப் பிச்சையிரக்கிறேன்' என்னும் பொருள்பட 'ஐ பெக் டு ஸ்டேட்' எனத் தொடங்குவதும், நடப்பு மாதத்தை 'இன்ஸ்டன்ட்' என்றும் சென்ற மாதத்தை 'அல்ட்டிமோ' என்றும் குறிப்பதும் அக்கால வழக்கு. இங்கிலாந்து அவற்றைப் பெரிதும் கைவிட்டது. நாம் பலவற்றைக் காத்துவந்தோம். இவை பிழையல்ல, பழைய நாணயம். பழைய நாணயம் போலியன்றாயினும் கடையிற் செல்லாது.

சொற்சுருக்கத்தைக் கற்பித்தது தந்தி. சொல்லெண்ணிக் கட்டணம் வாங்கியமையால், ஒரு வாக்கியத்தை ஒரு சொல்லில் அடக்கும் குறியீட்டு நூல்களையும் வணிகர் வைத்திருந்தனர். நம் நாட்டுத் தந்தி 2013-ல் நின்றுபோயிற்று. மின்னஞ்சலுக்குச் சொல்லெண்ணிக் காசில்லை. ஆயினும் படிப்போன் பொழுதுக்கு விலையுண்டு என்பதை மறவற்க.

இலக்கணத்தில் நம் இளைஞர் இடறுமிடங்கள் சில. அவற்றுக்கும் வரலாறே மருந்து. 'தி' என்பதை எங்கே இடுவது, 'ஏ' என்பதை எங்கே இடுவது என்று மயங்குகின்றனர். 'தி' என்பது பழைய சுட்டுச்சொல் தேய்ந்தது. 'ஏ', 'ஆன்' என்பன 'ஒன்' என்னும் எண்ணுச்சொல் தேய்ந்தன. முன்பே பேசிய, இருவருமறிந்த பட்டியலாயின் நாம் 'அந்தப் பட்டியல்' என்போம். ஆண்டு 'தி' வரும். ஏதோ ஒரு பட்டியலாயின் 'ஒரு பட்டியல்' என்போம். ஆண்டு 'ஏ' வரும். எல்லாவிடத்தும் இது பொருந்தாதாயினும் பாதிப் பிழை இதனால் ஒழியும்.

மற்றொன்று மரியாதை. நமக்கு நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படியுண்டு. வினைமுற்றும் அதற்கேற்ப மாறும். ஆங்கிலத்தும் 'தௌ', 'யூ' என இரண்டிருந்தன. முன்னது வழக்கொழிந்து 'யூ' ஒன்றே எஞ்சிற்று. ஆகவே அவர்கள் மரியாதையை வினைக்குள் வைத்தனர். 'வில் யூ செண்ட்' என்பதினும் 'வுட் யூ செண்ட்' என்பது பணிவுடையது. இறந்தகால வடிவம் ஈண்டுக் காலங்காட்டாது பணிவு காட்டுகிறது. இதனையறியார் 'கைண்ட்லி' என்பதனை வரிதோறும் தெளிக்கின்றனர். உப்பு மிகினும் கறி கெடும்.

மூன்றாவது செயப்பாட்டுவினை. 'முடிவு செய்யப்பட்டது' என்றெழுதினால் முடிவு செய்தவன் யாவன் என்பது மறைகிறது. அலுவலகங்கட்கு அம்மறைவு இனிதாகலாம். வாணிகத்தில் அது வழக்கைக் கொணரும். செய்தவனை எழுவாயாக்கி எழுதுக.

ஆங்கிலேயரும் தம் அலுவலக நடையின் இருளைப் பின்னர் உணர்ந்தனர். 1930-ல் ஆக்டன் என்னும் அறிஞர் 850 சொற்களைக் கொண்டே தொழில் நடத்தலாமென ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தார். 1948-ல் எர்னெஸ்ட் கவர்ஸ் என்பார், அரசாங்கக் கருவூலத்தார் வேண்டுகோட்படி, எளிய சொல்லால் எழுதுமாறு உத்தியோகஸ்தர்க்கு ஒரு நூல் செய்தார். அமெரிக்க நாட்டில் 2010-ல் எளிய நடைக்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. அவர்கள் இன்றும் கற்றுக்கொண்டிருக்கும் பாடத்தை நாமுங் கற்கத் தொடங்குவதில் நாணமென்ன?

முடிவாக இரண்டு கூறுவாம். ஒன்று நம் இளைஞர்க்கு. ஆங்கில வணிகமொழியைக் கற்பது அடிமைத்தனமுமன்று, ஆடம்பரமுமன்று. துபாஷியின் கூலியை மிச்சப்படுத்துவதே. படித்துணராத பத்திரத்தில் கையொப்பமிட்டுக் கடையிழந்தார் கதை நம் ஊர்தோறும் உண்டு. ஆதலின் நாளொரு கடிதமாக, சிறு வாக்கியத்தில், எளிய சொல்லில் எழுதிப் பழகுக.

மற்றொன்று நம் சங்கத்தார்க்கு. வரவு, பற்று, பேரேடு, நாள்வழி, ஐந்தொகை, இருப்பு எனக் கணக்குக்குரிய சொல்லெல்லாம் நம் முன்னோர் வைத்துப்போயினர். அங்ஙனமிருக்க, நம் சங்கத்தின் ஆண்டுக் கணக்கு ஆங்கிலத்தில் மட்டும் அச்சாகிறது. கல்வி நிதிக்குத் தம் விளைச்சலில் ஒரு பங்கு தரும் முதியோரும் கைம்பெண்டிரும் அதனைக் கையில் வாங்கி மடித்துவைக்கின்றனர், படிப்பதில்லை. அரசாங்கத்துக்கும் பாங்கிக்கும் ஆங்கிலத்தில் எழுதுவோம், பிழையற எழுதுவோம். உறுப்பினர்க்குத் தமிழில் எழுதுவோம். அறுநூறு ஆண்டுகட்கு முன் இலண்டன் மதுவடிப்போர் கண்ட நேர்மை நமக்கு எட்டாததன்று. வரும் பொதுக்கூட்டத்தில் இதற்கொரு தீர்மானம் கொண்டுவருமாறு அன்பர்களை வேண்டுகிறோம். அத்தீர்மானத்தையேனும் தமிழில் எழுதுவோமாக.