நாகமணி தேடிப் போன கப்பல்

கண்ணகியின் சிலம்புக்குள் கிடந்த மாணிக்கம் எங்கிருந்து வந்தது? இளங்கோவடிகளிடம் இதற்குப் பதில் இல்லை. புகாரின் பெருவணிகன் வீட்டுப் பெண் காலில் மாணிக்கப் பரல் கிடப்பதில் என்ன அதிசயம் என்று அவர் விட்டுவிட்டார். மட்டக்களப்பு வாவிக்கரையில் வைகாசிச் சடங்கு பார்த்து வளர்ந்த எந்த மூத்த பெண்ணைக் கேட்டாலும் பதில் உடனே வரும். "நாகத்திட்ட எடுத்த மணிகா அது. மீகாமன் கப்பலெடுத்துப் போய்ச் சண்டை புடிச்சிக் கொண்டு வந்த."

நான் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் பிள்ளைகள் ஹாரி பாட்டரைக் கேட்டு வருவார்கள். டிராகன், மந்திரக்கோல், உயிரைப் பணயம் வைத்துப் போகும் பயணம் எல்லாம் அவர்களுக்கு வேண்டும். கேட்டதைக் கொடுத்தேன். ஆனால், "தமிழ்ல இப்பிடி ஒண்டும் இல்லையே டீச்சர்" என்று சொன்னவர்களைச் சும்மா விடவில்லை. கதிரையில் உட்காரவைத்து, மீகாமன் மணி தேடிப் போன கடலோட்டுக் காதையைச் சொல்லித்தான் அனுப்பினேன். எங்கள் பகுதியின் மிகப் பெரிய மாயச் சாகசக் கதை நூலகத்து அலுமாரியில் இருந்ததில்லை. அது கோயிலில் இருந்தது. வருடத்தில் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கப்பட்டது.

வாவியின் இரண்டு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கண்ணகை அம்மன் கோயில்கள் உண்டு. செட்டிபாளையம், எருவில், மகிழடித்தீவு, தெற்கே காரைதீவு, தம்பிலுவில் என்று பட்டியல் நீளும். பல கோயில்கள் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து வைகாசியில்தான் கதவு திறக்கும். திறந்த நாளிலிருந்து குளிர்த்தி வரை 'கண்ணகி வழக்குரை' படிப்பார்கள். அம்மன் பிறந்த கதை முதலில். பிறகு கப்பல் வைத்த காதை, கடலோட்டுக் காதை. கலியாணக்கால் நட்டுக் கலியாணக் காதை. அதற்குப் பின் மாதவி, வழிநடை, அடைக்கலம், கொலைக்களம், வழக்கு. கடைசி இரவில் அம்மனின் கோபம் தணியக் குளிர்த்தி பாடி முடிப்பார்கள்.

என்னுடைய அம்மப்பா ஏடு படிக்கிறவர்களில் ஒருவர். அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் அவர் ஓர் அடியை இழுத்துப் படிப்பார், பக்கத்தில் இருப்பவர் வாங்கிப் பாடுவார், இடையில் உடுக்கு. வெற்றிலைத் தட்டம் கைமாறிக்கொண்டே இருக்கும். கேட்கிறவர்கள் இரண்டு வகை. பெண்கள் கொலைக்களத்துக்குக் காத்திருப்பார்கள். கோவலன் வெட்டுண்ட இடத்தில் எங்கள் அம்மா ஒவ்வொரு வருடமும் அழுவார், அது அன்றுதான் நடந்தது போல. ஆண்பிள்ளைகளுக்குக் கடலோட்டுதான். மணலில் தூங்கிப் போன பொடியன்கள் கப்பல் புறப்பட்டதும் எழுந்து உட்கார்ந்து "மறுகா? மறுகா?" என்று அரிப்பார்கள். நான் பெண்தான். ஆனாலும் அந்தப் பொடியன்களோடு சேர்ந்தவள்.

கதை இப்படிப் போகிறது. கண்ணகை மனித வயிற்றில் பிறந்தவள் இல்லை. பாண்டியனின் தோட்டத்து மாங்கனியில் வந்தவள். இவளால் மதுரை அழியும் என்று சாத்திரம் சொன்னதால் பேழைக்குள் வைத்து நீரில் விடுகிறார்கள். பேழை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கைக்கு வந்து, மாநாகர் வீட்டு மகளாக வளர்கிறாள். மாசாத்தரின் மகன் கோவலனுக்கு அவளைப் பேசுகிறார்கள். கலியாணத்துக்குச் சிலம்பு செய்யவேண்டும். தெய்வப் பெண்ணின் சிலம்புக்குள் சந்தையில் வாங்கிய கல்லைப் போடலாமா? நாகமணிதான் வேண்டும் என்று முடிவாகிறது. மீகாமன் என்ற கப்பலோட்டி கப்பல் கட்டிக் கடலில் இறங்குகிறான்.

நாகமணி கிடப்பது இலங்கைக்கு வடக்கே உள்ள தீவில். வழியில் நெடுந்தீவின் அரசன் வெடியரசன் நிற்கிறான். என் கடலில் யாரைக் கேட்டுக் கப்பல் விட்டாய் என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்வி என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். சண்டை மூள்கிறது. வெடியரசன் பிடிபடுகிறான். வீரநாராயணன், விளங்குதேவன் என்று அவனுடைய தம்பிமார் ஒருவருக்குப் பின் ஒருவராக வருகிறார்கள். இந்தப் போர் ஏட்டில் பக்கம் பக்கமாகப் போகும். அத்தனை இரத்தத்துக்கும் பிறகுதான் மீகாமனுக்கு மணி கிடைக்கிறது.

நாகம் அந்த மணியை எப்படி வைத்திருக்கும் என்று அம்மப்பா தனியாகச் சொல்லித்தருவார். கிழட்டு நாகம் இரவில் மணியைக் கக்கி வைத்துவிட்டு அதன் வெளிச்சத்தில் இரை தேடுமாம். சாணியை உருட்டி மணியின் மேல் போட்டால் வெளிச்சம் மறையும். நாகம் தலையை அடித்துச் செத்துப் போகும். இது ஏட்டில் உள்ள செய்தி இல்லை, தமிழ்நாட்டிலும் சொல்லும் ஊர்க்கதை. ஆனால் ஏட்டில் நாகம் என்று வந்தவுடன் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த வெளிச்சமும் சேர்ந்தே வந்துவிடும். அடுத்த சில நாட்களுக்குச் சாணியோடு திரிந்த பொடியன்களை எனக்குத் தெரியும்.

படித்தவர்கள் சிலர் கடலோட்டை இடைச்செருகல் என்று ஒதுக்குவார்கள். சிலப்பதிகாரத்தில் இல்லாததை யாரோ சேர்த்துக் கதையை வளர்த்துவிட்டார்களாம். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. வழக்கு எதில் தீர்கிறது என்று பாருங்கள். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, அரசன் விழுகிறான். முழுக் காவியமும் அந்த ஒரு பரலில் தொங்கி நிற்கிறது. எங்கள் ஏட்டுக்காரர் அதைக் கண்டுகொண்டார். அந்தப் பரலுக்கு ஒரு கதை வேண்டும், அதுவும் கலியாணத்துக்கு முன்பே வேண்டும் என்று தீர்மானித்தார். அதனால்தான் வழக்குரைக் காதையில் மணி தரையில் விழும்போது கோயில் முன்றலில் இருப்பவர்களுக்கு அரசனுக்குத் தெரியாதது தெரியும். அந்தக் கல் எந்தத் தீவில் கிடந்தது, அதற்காக யார் யார் செத்தார்கள் என்று நாலைந்து இரவுக்கு முன்புதான் கேட்டிருக்கிறார்கள். இளங்கோவின் வாசகருக்கு அது சாட்சிப்பொருள். எங்களுக்கு அதற்கு மேல்.

டோல்கியனின் 'ஹாபிட்' 1937-ல் வந்தது. அதிலும் புதையலின் மேல் டிராகன் படுத்துக் கிடக்கிறது. டிராகன் செத்துப் பொன் கைக்கு வந்த பிறகுதான் பெரிய போரும் சாவும் தொடங்குகின்றன. புதையல் இரத்தம் கேட்கும் என்ற அந்த ஒரு விஷயத்தில் அவரும் எங்கள் ஏட்டுக்காரரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

வெடியரசன் ஏன் இந்தக் கதைக்குள் வந்தான் என்பதற்கும் காரணம் உண்டு. முக்குவர் என்ற சமூகத்தார் அவனைத் தங்கள் முன்னோனாகச் சொல்கிறார்கள். வடக்கிலிருந்து முக்குவர் மட்டக்களப்புக்கு வந்த கதையை 'யாழ்ப்பாண வைபவமாலை'யும் சொல்கிறது. இந்த வாவிக்கரையில் நிலமும் கோயில் உரிமையும் தாய்வழிக் குடிகளாகப் பிரிந்து கிடப்பதில் முக்குவருக்குப் பெரிய பங்கு. சோழநாட்டு வணிகர் மகள், பாண்டியநாட்டு நீதி என்றிருந்த காவியத்துக்குள் தங்கள் அரசனையும் தங்கள் கடலையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். தோற்றவனாக என்றாலும் வைத்துக்கொண்டார்கள். நெடுந்தீவில் பவளக்கல் இடிபாடு ஒன்றை இன்றைக்கும் வெடியரசன் கோட்டை என்றுதான் காட்டுவார்கள். அது பௌத்தத் தூபியின் மிச்சம் என்பது வேறு விடயம்.

ஒருகாலத்தில் இந்தக் கதை வடக்கிலும் படிக்கப்பட்டது. அங்கே 'கோவலனார் கதை', வற்றாப்பளையில் 'சிலம்பு கூறல்'. ஆனால் ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. செட்டிப் பெண் ஒருத்தியைச் சைவர் கும்பிடலாமா என்பது அவர் கட்சி. யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் இராசராசேசுவரி, புவனேசுவரி என்று பெயர் மாறின. கோயில் மாறினால் ஏடும் போகும். கிழக்கில் அந்த அலை அவ்வளவு பலமாக அடிக்கவில்லை. சிங்களவரிடம் கண்ணகிதான் பத்தினித் தெய்யோ. மாங்கனியில் பிறந்த கதையும் அவர்களிடம் உண்டு. கயவாகு என்ற இலங்கை மன்னன் சேரன் செங்குட்டுவனின் பத்தினி விழாவில் இருந்ததாகச் சிலப்பதிகாரமே சொல்கிறது. கணநாத் ஒபயசேகர 1984-ல் பத்தினி வழிபாடு பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று எழுதினார். எங்கள் பக்கத்தில் வீ. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியதோடு, வழக்குரை ஏடுகளை ஒப்பிட்டு 1968-ல் அச்சுக்கும் கொண்டுவந்தார். அவர் செய்திராவிட்டால் நான் இதை அம்மப்பாவின் குரலை மட்டும் நம்பி எழுதவேண்டி வந்திருக்கும். விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவும் கண்ணகை அம்மன் ஊர்தான். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலிருந்து 'யாழ் நூல்' எழுதியவர் சிறுவயதில் எந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கோயிலுக்கு வெளியே சாகசம் கூத்துக் களரியில் கிடைத்தது. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு. வடமோடி பெரும்பாலும் போரில் முடியும், தென்மோடி பெரும்பாலும் கலியாணத்தில். மாயம் மந்திரத்துக்குத் தென்மோடிதான். 'அனுருத்திரன் நாடகம்' ஒன்றே போதும். வாணாசுரனின் மகள் உஷை கனவில் ஒருவனைக் காண்கிறாள். தோழி சித்திரலேகை உலகத்து இளவரசர்களை எல்லாம் படமாக வரைந்து காட்டி, ஆள் யார் என்று கண்டுபிடித்து, துவாரகையில் தூங்கிக் கிடந்த அனுருத்திரனைத் தூக்கம் கலையாமலே வான்வழியாகத் தூக்கி வருகிறாள். பிறகு நாகபாசம், சிறை, பேரனை மீட்கக் கண்ணன் படை. வாணனுக்குக் காவலாகச் சிவபெருமானே எதிரே நிற்கிறார். காய்ச்சலைக்கூட ஆயுதமாக ஏவிச் சண்டை நடக்கிறது. கடைசியில் வாணனின் ஆயிரம் கைகளில் நாலுதான் மிச்சம். அண்ணாவியார் மத்தளத்தை எடுத்தால் விடியும்வரை இது ஓடும். ஆயிரம் கையை எப்படிக் காட்டினீர்கள் என்று பழைய ஆட்டக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "பாட்டில இருக்கே புள்ள, மறுகா என்னத்துக்குக் கை?" என்றார். 1962-ல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'அலங்காரரூபன் நாடக'த்தைப் பதிப்பித்தார். சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' 1998-ல் வந்தது. கூத்தைப் பற்றி மேலும் தெரிய வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

அச்சில் வந்த சாகசக் கதைகளும் ஈழத்தில் புதியவை அல்ல. 1885-ல் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்'. 1891-ல் திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை'. காட்டில் தவறிப்போன இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனைக் கரடி வளர்த்த ஐரோப்பிய வீரகதைதான் அது. மட்டக்களப்புக்கென்று அப்படி ஒரு நாவல் அந்தக் காலத்தில் எழவில்லை. கோயிலிலும் களரியிலும் வயிறு நிறைந்திருந்ததால் என்று நினைக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கோ எங்கள் ஊரே ஒரு மாயக்கதை. மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்வார்கள். வேலைக்கு வந்த பொடியன்கள் இங்கே கலியாணம் கட்டி, பெண் வீட்டிலேயே தங்கி, திரும்பிப் போகாமல் விட்டதற்கு மந்திரம் காரணமாம். வாவி இறாலும் தயிரும் சீதன வளவும் காரணம் என்று யாரும் யோசிக்கவில்லை.

1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனது. பரணில் இருந்த அம்மப்பாவின் ஏடுகள் நனைந்து ஒட்டிக்கொண்டன. பிரித்தெடுக்கப் பார்த்தோம், உதிர்ந்தன. கொப்பியில் எழுதிவைத்த ஒரு பகுதி மட்டும் தப்பியது. அதில் கடலோட்டின் நடுப்பகுதி இருக்கிறது. அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன், பல இடங்களில் சொற்கள் வேறு. ஒவ்வொரு கோயில் ஏடும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்படும். ஓர் ஊரின் ஏடு அழிந்தால் அந்த ஊர்க் கதை அழிந்தது என்றுதான் கணக்கு.

இப்போது வழக்குரையை முழுதாகப் படிக்கும் ஊர்கள் குறைந்து வருகின்றன. நேரம் போதாதென்று முதலில் வெட்டுவது கடலோட்டைத்தான். கதைக்கு முக்கியமில்லை என்கிறார்கள். தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் ஊர்க் கோயிலிலோ வீட்டுப் பெட்டியிலோ ஏடோ கொப்பியோ இருந்தால் இந்த வைகாசிக்கு முன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் உயிரோடு இருந்தால் அவர் குரலைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். கடலோட்டிலிருந்து தொடங்குங்கள்.