மடக்குப் பெட்டி

சுவர்களை உள்பக்கம் சாய்த்துத் தட்டையாக்கக்கூடிய, பலமுறை பயன்படும் சரக்குப் பெட்டி. பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் அல்லது அடர் பாலித்தீனால் ஆனது. பரவலான அடித்தள அளவு 600 × 400 மில்லிமீட்டர்; 1200 × 800 தட்டுப்பலகையில் (பேலட்) ஓர் அடுக்குக்கு நான்கு பெட்டிகள் இடைவெளியின்றிப் பொருந்தும்.

வடிவமைப்பின் நுட்பம் கீலில் இருக்கிறது. சுவரின் உயரம் அடித்தள அகலத்தில் பாதியான 20 சென்டிமீட்டரைத் தாண்டாவிட்டால், நீளச் சுவர்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் படுத்துவிடும். 24 சென்டிமீட்டர் என்றால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஆகவே ஒரு பக்கக் கீலைச் சுவரின் தடிமன் அளவுக்கு உயர்த்தி வைக்க வேண்டும். இதைக் கவனிக்காத பெட்டி முழுதாக மடங்காது. பெட்டிகளை அடுக்கும்போது மேலடுக்கின் சுமை மூலைகள் வழியே இறங்க வேண்டும், சரக்கின்மேல் அல்ல.

காலிப் பெட்டி திரும்பும் வண்டியில் இடம் மிச்சமாவதே இதன் பெரும்பயன். எடுத்துக்காட்டாக, புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளம் வட்டாரத்தின் விளைபொருள்களில் வடகாட்டுப் பலா முழுப்பழமாகவே போகும், பெட்டி தேவையில்லை. சீப்பாக அறுத்த வாழைக்கும் காய்கறிக்கும் இது மிகப் பொருத்தம். சாக்கில் நசுங்கி வீணாவது உழவரின் உழைப்பு. காற்றுத்துளைகளின் விளிம்பு மழுங்கியிருப்பது அவசியம், இல்லையேல் வாழைத்தோலில் கீறல் விழுந்து கறுக்கும். ஒடிந்த சுவரை மட்டும் கழற்றி மாற்ற முடிகிற பெட்டியே வாங்கத் தக்கது. முன்பணம் பெற்றுக்கொண்டு கொடுப்பது பெட்டி திரும்பி வர உதவும்.