திருப்பிச் சொல்லுங்க



அண்ணன் எப்படி இருக்கிறார் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறார். நான்காம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார். தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும். அன்று இரவு நடந்ததையும், அதனால் நான் தேடிப் படித்த ஒரு சின்ன வரலாற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடிக்கும் வரை பொறுத்திருந்தீர்களே, அதுபோல இதற்கும் இருங்கள்.

அண்ணனுக்கு வயது 74. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. கத்திரி வெயிலுக்கு இதமாக இருக்கிறதே என்று தினம் இரண்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்து என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். காலில் தெம்பே இல்லை என்றார். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மாலையில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். படிவத்தில் என் செல் நம்பரைத்தான் எழுதினேன். ரிப்போர்ட் காலையில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள்.

இரவு எட்டரை மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். லோன் வேண்டுமா என்று கேட்பவர்களாக இருக்கும் என்று கட் செய்தேன். மறுபடி வந்தது. மறுபடி கட் செய்தேன். மூன்றாம் முறை போனைச் சத்தம் வராமல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். "தாத்தா, போன் மினுக்குது" என்று பிளஸ் டூ படிக்கும் பேரன்தான் நான்காம் முறை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

ஒரு பெண் குரல். "லேப்பிலிருந்து பேசறேன் தம்பி. பெரியவருக்குப் பொட்டாசியம் 6.9 இருக்கு. டாக்டரோட கிளினிக் மூடியாச்சு, போன் எடுக்கல. காலைவரை காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க."

பேரன் சொன்னான்: "பொட்டாசியம் 5.9."

"இல்ல தம்பி. ஆறு. சிக்ஸ் பாயிண்ட் நைன்."

அவன் சரியாகத் திருப்பிச் சொன்ன பிறகு, அவன் பெயரையும் நோயாளிக்கு என்ன உறவு என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனை வைத்தாள் அந்தப் பெண். ரத்தத்தில் பொட்டாசியம் சாதாரணமாக 3.5-லிருந்து 5 வரை இருக்க வேண்டும். ஏழை நெருங்கினால் இதயத்துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்த உடனே ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். "காலையில வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

என் மனதில் தங்கிவிட்டது அந்த ஒரு வாக்கியம்: "திருப்பிச் சொல்லுங்க." வகுப்பறையில் எத்தனை ஆயிரம் தடவை நான் சொன்ன வாக்கியம் அது! லேப்காரர்களுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தேடினேன். கிடைத்ததைச் சொல்கிறேன்.

பழைய நாளில் ஆஸ்பத்திரி லேப் என்பது ஒரு சின்ன அறை. ஒருவரோ இருவரோ உட்கார்ந்து ஒவ்வொரு பரிசோதனையையும் கையால் செய்வார்கள். முடிவைச் சீட்டில் எழுதி வார்டுக்கு அனுப்புவார்கள். மோசமான எண் கண்ணில் பட்டால், அக்கறையுள்ளவர் எழுந்து ஓடிப்போய்ச் சொல்வார். மற்றவரின் சீட்டு வரிசையில் காத்திருக்கும். எல்லாம் ஆளைப் பொறுத்தது. விதி என்று எதுவும் இல்லை.

1957-ல் அமெரிக்காவில் டெக்னிகான் நிறுவனம் ஆட்டோஅனலைசர் என்ற இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லியோனார்ட் ஸ்கெக்ஸ் என்பவரின் கண்டுபிடிப்பு. ஒருவர் ரத்தத்துக்குப் பின்னால் இன்னொருவர் ரத்தம் குழாய் வழியே வரிசையாகப் போகும், இயந்திரமே அளக்கும். வேலை பல மடங்கு வேகமானது. ஆனால் எண்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. சாதாரண எண்ணும் உயிரைப் பறிக்கிற எண்ணும் ஒரே கட்டில், ஒரே மாதிரிக் காகிதத்தில் கிடந்தன.

இதன் ஆபத்தை யோசித்துப் பாருங்கள். நினைவில்லாமல் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். தலையில் அடியா, பக்கவாதமா என்று டாக்டர் குழம்பி நிற்கிறார். உண்மையில் அவருக்குச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்து உட்காருவார். அந்த விடை லேப்பில் தயாராகிவிட்டது. ஆனால் கட்டிலிருந்து புறப்படவில்லை. விடை தெரிந்த இடத்தில் நோயாளி இல்லை, நோயாளி இருக்கும் இடத்தில் விடை இல்லை.

இதற்கு ஒரு முறையை வகுத்தவர் ஜார்ஜ் லண்ட்பெர்க் என்ற நோய்க்குறியியல் மருத்துவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெரிய பொது மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 1972-ல் லேப்காரர்களுக்கான ஒரு பத்திரிகையில் சின்னக் கட்டுரை ஒன்றை எழுதினார். சில முடிவுகளைப் 'பேனிக் வேல்யூ' என்று தனியே பிரிக்க வேண்டும், அவை வந்த உடனே சிகிச்சை தருபவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றார். எவை அந்த முடிவுகள்? இரண்டு நிபந்தனை வைத்தார். ஒன்று, உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. இரண்டு, உடனே கவனித்தால் ஏதாவது செய்ய முடியும்.

இந்த இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். புற்றுநோய் என்று ஒரு முடிவு வந்தால் அது பெரிய துயரம்தான், ஆனால் ராத்திரி பத்து மணிக்கு எழுப்பிச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பொட்டாசியம் 6.9 அப்படியல்ல. ஒரு மணி நேரத்தில் ஊசி போட்டால் ஆள் பிழைப்பார். போன் போடுவது பயமுறுத்த அல்ல, காப்பாற்ற. அதனால்தானோ என்னவோ, 'பேனிக்' என்ற பெயர் இப்போது பெரும்பாலும் 'கிரிட்டிகல் வேல்யூ' என்று மாறிவிட்டது.

அதே லண்ட்பெர்க் 1981-ல் இன்னொன்றும் எழுதினார். பரிசோதனை என்பது ஒரு வட்டம். டாக்டரின் மூளையில் எழும் கேள்வியில் தொடங்கி, ரத்தம் எடுப்பது, பெயர் ஒட்டுவது, அளப்பது, சொல்வது என்று சுற்றிவந்து, டாக்டரின் மூளையில் புரிந்து ஒரு செயலாக மாறும்போதுதான் முடிகிறது. இயந்திரம் எண்ணைத் துப்பியதோடு வேலை முடிந்துவிடவில்லை.

1988-ல் அமெரிக்கா தன் லேப்களுக்கான சட்டத்தைத் திருத்தி எழுதியது. உயிருக்கு ஆபத்தான முடிவை உடனே தெரிவிப்பது அதன் கீழ்க் கட்டாயமானது. ஆனால் எந்த எண்ணில் போன் போடுவது? அது ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. ஜெரால்ட் காஸ்ட் என்பவர் அங்குள்ள மருத்துவமனைகளை விசாரித்து 1990-ல் வெளியிட்டார். சராசரியாகப் பார்த்தால் பொட்டாசியம் 2.8-க்குக் கீழே அல்லது 6.2-க்கு மேலே, சர்க்கரை 46-க்குக் கீழே அல்லது 484-க்கு மேலே போனால் போன் போட்டார்கள். அண்ணனின் எண் எந்தப் பக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் லேப்காரருக்கும் ஒரு சங்கடம் உண்டு. ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால், அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து எண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். அதையும் பார்க்க வேண்டும், நேரத்தையும் கடத்தக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர்கள் போனைக் கையில் எடுக்கிறார்கள்.

இனி நம் வாக்கியத்துக்கு வருவோம். போனில் சொன்னால் போதுமா? கேட்பவர் தவறாகக் கேட்டால்? விமானிகள் கட்டுப்பாட்டு அறை சொல்லும் உத்தரவைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமெரிக்காவின் ஜாயிண்ட் கமிஷன், 2003-ல் இதைத் தன் பாதுகாப்பு விதிகளில் சேர்த்தது: போனில் கேட்ட முடிவை எழுதிக்கொள், எழுதியதைப் படித்துக் காட்டு. அடுத்த வருடம் ஓர் ஆய்வு வெளிவந்தது. லேப்பிலிருந்து போன 822 போன் அழைப்புகளைக் கவனித்தார்கள். 29-ல் தவறு இருந்தது. நூற்றுக்கு மூன்றரை. திருப்பிச் சொல்லச் சொன்னதால்தான் அவை வெளியே தெரிந்தன.

'சொல்வதை எழுதுதல்' நடத்திய எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நான் 'வாழை' என்று சொல்வேன், கடைசி பெஞ்சில் ஒருவன் 'வாளை' என்று எழுதியிருப்பான். இரண்டும் தமிழ்தான். சொன்ன எனக்கும் சரியாகச் சொன்ன நிம்மதி, எழுதிய அவனுக்கும் சரியாகக் கேட்ட நிம்மதி. நோட்டைத் திறந்து படிக்கச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். என் பேரன் அசட்டையாகக் கேட்கவில்லை. பயத்தோடு, கவனமாகத்தான் கேட்டான். அப்படியும் ஆறு ஐந்தாகிவிட்டது.

நம் நாட்டில் லேப்களுக்குத் தரச்சான்று தருவது என்.ஏ.பி.எல். என்ற அமைப்பு. 2003-ல் முதலில் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 15189 என்ற உலகத் தரம்தான் அதற்கு அளவுகோல். அபாய முடிவை உடனே சொல்வதும், யார் யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னார் என்று பதிவேட்டில் எழுதுவதும் அதன் கீழ் வருகின்றன. ஆனால் அந்தச் சான்று வாங்குவது லேப்களின் விருப்பம், கட்டாயமில்லை.

இந்த ஏற்பாடு முழுக்க ஆஸ்பத்திரிக்குள் பிறந்தது. அங்கே நடுராத்திரியிலும் போனை எடுக்க ஒரு நர்ஸ் இருப்பார். நம் ஊரில் கிளினிக் ஒன்பது மணிக்கு முன்பே மூடிவிடுகிறது. அப்போது வட்டத்தின் கடைசிக் கண்ணி யார்? வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற நாம்தான். அன்று லேப் தன் பங்கைச் செய்தது. கண்ணி அறுந்தது என் கையில். மூன்று முறை.

ஆகவே, பழைய வாத்தியார் உரிமையில் சொல்கிறேன். லேப் படிவத்தில் கையில் இருக்கும் போனின் எண்ணை எழுதுங்கள், கூடவே இன்னொருவர் எண்ணையும் கொடுங்கள். ரத்தம் கொடுத்த அன்று தெரியாத நம்பராக இருந்தாலும் எடுங்கள். எண்ணைக் காகிதத்தில் எழுதி, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே திருப்பிச் சொல்லுங்கள். பிறகு காத்திருக்காமல் கிளம்புங்கள்.

என் மாணவர்களில் லேப் டெக்னீஷியன் வேலை பார்ப்பவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். மூன்று முறை கட் செய்த ஒரு மனுஷனுக்கு நான்காம் முறையும் போட்டாளே ஒரு பெண், அவள் பெயரைக் கூட அன்று நான் கேட்கவில்லை. மறுவாரம் லேப்புக்குப் போய்ப் பார்த்து நன்றி சொன்னேன். "எங்க வேலை சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த டியூபை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் இப்போது மோர் குடிக்கிறார், அதுவும் டாக்டரைக் கேட்டு அளவாக.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்