சுலைமானிய்யா: கணக்கேடுகள் சொல்லும் வரலாறு

 

இஸ்தான்பூல் நகரின் குன்றொன்றின் மீது கம்பீரமாய் நிற்கும் சுலைமானிய்யா பள்ளிவாசலைக் காண்போர், தரையிலிருந்து ஏறத்தாழ 53 மீட்டர் உயர்ந்து நிற்கும் அதன் குப்பாவைக் கண்டு வியப்பர். அதனினும் வியப்பிற்குரியவை, அது கட்டப்பட்ட காலத்திலேயே எழுதப்பட்டு இன்றளவும் எஞ்சியிருக்கும் அதன் கணக்கேடுகளாகும்.

உதுமானியப் பேரரசர் சுல்தான் சுலைமான் அவர்களின் ஆணைப்படி, தலைமைக் கட்டடக் கலைஞர் மிமார் ஸினான் பொறுப்பில் ஹிஜ்ரி 957இல் (கி.பி. 1550) இப்பணி தொடங்கியது. ஹிஜ்ரி 964இல் (கி.பி. 1557) பள்ளிவாசல் நிறைவெய்தியது. அதனைச் சூழ மதரஸாக்களும் மருத்துவமனையும் ஏழைகளுக்கு உணவளிக்கும் சமையற்கூடமும் எழுந்தன. இத்துணைப் பெரிய பள்ளிவாசல் ஏழே ஆண்டுகளில் முடிந்தது எங்ஙனம்?

முதலாவது, பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன. வரைவும் கட்டுமானமும் ஸினான் வசம். பணமும் பொருளும் கட்டட மேற்பார்வையாளர் வசம். வரவு செலவுகளைப் பதிவது எழுத்தர்களின் கடமை.

இரண்டாவது, தேவையானவை முன்கூட்டியே தேடப்பட்டன. கைவினைஞர்களை அனுப்புமாறு மாகாண காழிகளுக்கு ஆணைகள் சென்றன. வெண்பளிங்கு மர்மரா தீவிலிருந்து வந்தது. மாபெரும் கருங்கல் தூண்களுள் சில பஅல்பக், அலெக்சாந்திரியா ஆகிய தொலைதூர ஊர்களிலிருந்து கடல்வழியே கொணரப்பட்டன. தூண் நின்றாலன்றி அதன்மேல் வளைவை எழுப்ப இயலாது. வளைவுகள் முடிந்தாலன்றிக் குப்பாவை மூட இயலாது. ஒரு கப்பல் தாமதித்தால் நூற்றுக்கணக்கான கைகள் சும்மா இருக்க நேரும். எது எதற்கு முன் வரவேண்டும் என்று அறிவதே திட்டமிடலின் உயிர்நாடி. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொறியாளர்கள் கணிப்பொறியின் துணையுடன் வகுத்த பணி அட்டவணை முறைகளுக்கும் இதுவே அடிப்படை.

மூன்றாவது, கூலி. பேரரசர்களின் கட்டடங்கள் யாவும் அடிமைகளின் முதுகில் எழுந்தவை என்று பலர் கருதுவதுண்டு. துருக்கிய வரலாற்றறிஞர் உமர் லுத்ஃபி பர்கான் இக்கணக்கேடுகளை ஆராய்ந்து 1972, 1979 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். மொத்த உழைப்பு நாட்களில் பாதிக்கும் மேற்பட்டவை கூலி பெற்ற சுதந்திரத் தொழிலாளர்களுடையவை என்று அவை காட்டுகின்றன. எஞ்சியதில் பெரும்பகுதி அரசுப் படைப் பயிற்சியில் இருந்த இளைஞர்களுடையது. கப்பல்களில் துடுப்பு வலித்த அடிமைகளின் பங்கு சுமார் 5 விழுக்காடே. எனினும் அதுவும் இருந்ததை ஏடுகள் மறைக்கவில்லை. கைவினைஞர்களில் ஏறத்தாழ சரிபாதியினர் கிறிஸ்தவர்கள். யார் எத்தனை நாள் உழைத்தார், என்ன பெற்றார் என்பது நானூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் படித்தறியத் தக்கதாய் நிற்கிறது.

அன்பார்ந்தவர்களே! சுல்தானின் கருவூலமே செலவிட்ட பணிக்கும் இத்தனை எழுத்து தேவைப்பட்டது. மக்களின் நன்கொடையால் நடைபெறும் பணிக்கு எத்துணை தேவை என்பதைச் சிந்திப்போமாக! கல் நடுமுன் கணக்கை நடுவோம். உழைப்பவரின் கூலியை உரிய நாளில் கொடுப்போம். வல்ல அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.